பாட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள்

சத்தம் நன்றாக இருக்கிற வரைக்கும், மிக்ஸர் மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பது ஒருவருக்கும் தெரியாது. ஒருக்கால் 'கூ' என்று ஒரு இரைச்சல் வரட்டும், அத்தனை தலையும் திரும்பும். இதை வாசிக்கிற உங்களில் யாராவது அந்த மேசைக்குப் பின்னால் நின்றிருந்தால் நான் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. அந்தத் தலைகளை உங்களுக்கும் தெரியும்.

நான் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. என் கணவர் சுதன் திருகோணமலையில் ஐந்து பேர் சேர்ந்த ஒரு இசைக்குழுவில், அடியில் கீழ்ச்சுரம் போடுகிற பேஸ் கிற்றார் வாசிக்கிறார். சவுண்ட் பார்த்த ஆள் கட்டாருக்குப் போய்விட்டபோது, "இண்டைக்கு ஒரு நாள் மட்டும் நில்லும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மேசைக்குப் பின்னால் விட்டார். அந்த ஒரு நாளுக்கு இப்போது பதினோராவது வருஷம்.

எங்கள் குழு வாசிப்பது எல்லாரும் வாசிக்கிற சினிமாப் பாட்டுத்தான். ஆனால் எந்தக் கச்சேரியிலும் ஒரு பாட்டாவது நடுவில் வழிமாறும். லீட் கிற்றார் வாசிக்கிற நசீர் மெட்டை விட்டு மெல்ல விலகுவார், மற்றவர்கள் கூடவே போவார்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் எங்கெல்லாமோ சுற்றிவிட்டு, விட்ட வரிக்கே வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது. இன்றைக்கு வந்தது நாளைக்கு வராது. சனம் இதற்கு வைத்த பெயர் 'வெளிக்கிடல்', வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு எங்கள் ஊரில் சொல்கிற சொல். "நேற்று எந்தப் பாட்டில வெளிக்கிட்டவங்கள்?" என்று மீன் சந்தையில் என்னை மறித்துக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் நான் ரெக்கோட் பண்ணி வைப்பதால், துறைமுகத்தடியில் இருக்கிற எங்கள் சவுண்ட் கடைக்குப் பென் டிரைவோடு வருவார்கள். வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். அங்கேதான் என் பாடு தொடங்கும்.

எங்கே தொடங்குகிறது

சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் தவறமாட்டார்கள். ஜெயசீலன் அண்ணை படகு எஞ்சின் திருத்துகிறவர். எண்ணெய்க் கறை படிந்த ஒரு கொப்பியில் எந்த ஊர், எந்தப் பாட்டு, எத்தனை நிமிஷம் வெளிக்கிட்டார்கள் என்று எழுதி வைத்திருப்பார். ரஹ்மான் நானாவுக்குக் கிண்ணியாவில் தையல்கடை. பாலம் கடந்து பஸ்ஸில் வருவார். அவரிடம் கொப்பி இல்லை, எல்லாம் மனதில் இருக்கிறது என்பார். இந்த இருவரும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போய் நான் கண்டதில்லை.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தி ஒருநாள் சண்டை, வெளிக்கிடல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது. நசீர் மெட்டை விட்ட இடம்தான் தொடக்கம் என்றார் ஜெயசீலன் அண்ணை. "எஞ்சின் ஸ்டார்ட் வந்த நேரத்தைத்தானே எழுதோணும்." நானா ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்டார்ட் வந்தாப் போதுமா அண்ணன்? வள்ளம் நகரோணுமே. ட்ரம்காரன்ட கை மாறின பொறகுதான் நகரும்." ஒரு மணித்தியாலம் போனது. இதற்கிடையில், எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் தலையை நீட்டி, ஸ்பீக்கர் பொக்ஸ் வந்த காட்போட் பெட்டியில் ஒரு மூலையைத் தின்றுவிட்டுப் போனது. இருவரும் காணவில்லை.

கடைசியில் தீர்ப்பு என்னிடம் வந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். காதால் எனக்கு அந்த இடம் பிடிபடுவதில்லை. சுதன் எப்போது கண்ணை மூடுகிறாரோ, அந்த நிமிஷத்தைத்தான் நான் குறித்துக்கொள்வேன். ஜெயசீலன் அண்ணை கொப்பியை மூடிவிட்டார். நானா பிளேன்ரீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நீங்க இவ்வளவு காலமும் கச்சேரி கேக்கல்ல தங்கச்சி, மாப்பிள்ளையத்தான் பாத்துக்கிட்டு நிண்டிருக்கீங்க."

கல்யாண வீட்டில்

சாம்பல்தீவில் ஒரு கல்யாணம். பகல் விருந்துக்கு வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தாலி கட்டி முடிந்து, பந்தி வைக்கப் போகிற நேரம் பார்த்து இவர்கள் வெளிக்கிட்டுவிட்டார்கள். ஆட்கள் எழும்பிப் பந்திக்குப் போகவேண்டும், ஒருவரும் எழும்பவில்லை. பொம்பிளை மாப்பிள்ளைகூட மேடைப் பக்கம் கதிரையைத் திருப்பிவிட்டார்கள். குசினிப் பக்கம் இருந்து ஒரு அம்மா அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தா. வந்தவ அங்கேயே நின்றுவிட்டா.

பொம்பிளையின் தகப்பன் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தார். "பிள்ளை, இதை எங்க நிப்பாட்டுறது?" என்று மேசையில் சுவிட்ச் தேடினார். நான் நிறுத்த ஏலாது என்று சொல்லவில்லை. கொஞ்சம் இருங்கோ, வந்துவிடுவார்கள் என்று என்னுடைய கதிரையைக் கொடுத்தேன். பாவம், மூன்று நாளாக ஓடித்திரிந்த மனுஷன். ஐந்து நிமிஷத்தில் மகளைப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார், பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையை மட்டும்தான் துடைத்தார் என்று நான் நினைக்கவில்லை. பந்திக்காரர் வந்து என்ன செய்வது என்று கேட்க, அவர் எழும்பாமலே சொன்னார்: "விடு தம்பி. சோறு ஆறினாச் சூடாக்கலாம், இவங்கள் ஆறினாச் சூடாக்கேலாது போல கிடக்கு."

நிலாவெளி மௌனம்

எங்கள் ரசிகர்களிடம் ஒரே ஒரு வெளிக்கிடலைச் சொல்லச் சொன்னால் நிலாவெளியைத்தான் சொல்வார்கள். கடற்கரையில், பொழுது சாயும் நேரம் நடந்த கச்சேரி. ஒன்பதாவது நிமிஷத்தில் ஐந்து பேரும் ஒரேயடியாக நின்றார்கள். நாற்பது செக்கன். கடல் மட்டும் கேட்டது. பிறகு நசீர் ஒரே ஒரு சுரத்தைத் தொட்டார். சனம் அப்படியே எழும்பி நின்றது. ஜெயசீலன் அண்ணை கொப்பியில் அந்தப் பக்கத்தில் வேறெதுவும் எழுதவில்லை. அந்த மௌனத்துக்குக் கண் காட்டியது நசீர் என்பது அவருடைய கட்சி. இல்லை, ட்ரம்காரன்தான் என்பது நானாவுடைய கட்சி. இரண்டு மாதம் இதையே கதைத்தார்கள்.

மேசைக்குப் பின்னால் நிற்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். மணலுக்குள் புதைந்த செருப்பை இழுத்தபோது என் கால் வயரில் தடக்கி, பிளக் கழன்றுவிட்டது; ட்ரம்மும் கரண்டில் ஓடுவது என்பதால் எல்லாச் சத்தமும் ஒன்றாய்ப் போனது. லைற்றுக்கு வேறு வயர் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிளக்கை உடனே செருகவும் ஏலாது. மிக்ஸரில் எல்லாச் சத்தத்தையும் முதலில் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பொக்ஸ் வெடித்த மாதிரி அடிக்கும். இறக்கி, மேசைக்குக் கீழே தவழ்ந்து போய்ச் செருகி, திரும்ப ஏற்றுவதற்கு நாற்பது செக்கன் எடுத்தது. என் ரெக்கோடர் பற்றரியில் ஓடுவது, முன்வரிசையில் தனியாக நின்றது. அதனால் அந்த மௌனம் அப்படியே பதிந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது சுதனின் முதுகுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "ஆருக்கும் சொல்லிப்போடாதயும். நாங்கள் அஞ்சு பேரும் மற்றவன்தான் நிப்பாட்டினவன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறம்."

அந்த இடம் மட்டும்

வசந்தி என்று ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கற்பிப்பவ, ஒருநாள் கடைக்கு வந்தா. நிலாவெளிப் பாட்டு வேண்டும் என்றா. பென் டிரைவில் ஏற்றத் தொடங்கியபோது, "முழுப் பாட்டு வேண்டாம் அக்கா. அவை வாசிக்காமல் நிண்ட அந்த இடம் மட்டும் போதும்" என்றா. மௌனத்தை மட்டும் கேட்டு வந்த முதல் ஆள். ஏன் என்று கேட்டேன்.

விரும்பியவரைக் கட்டினதால் அவவின் தமையன் ஆறு வருஷமாகக் கதைக்கவில்லையாம். ஒரே ஊர். எதிரில் வந்தால் இருவரில் ஒருவர் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்களாம். நிலாவெளிக்கு அவர் வந்திருந்தது அவவுக்குத் தெரியாது. எல்லாம் நின்ற அந்த நேரத்தில் பின்னால் ஒருவர் இருமியிருக்கிறார். "அவனுக்குச் சின்ன வயசில இருந்து இழுப்பு. அந்த இருமலோட நான் எத்தனை நாள் விடிய விடிய முழிச்சிருந்தனான். எனக்குத் தெரியாதா?" திரும்பிப் பார்த்தாவாம். அவரும் பார்த்தார். பாட்டு திரும்பத் தொடங்கி, எழும்பி நின்ற சனம் உட்கார்ந்தபோது அவர் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். இப்போது அவர் வேலைக்கு மாலைதீவு போகப்போகிறார். அவர் போனபிறகு கேட்கத்தான் அந்த இடம் வேண்டும்.

ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். அலைக்கு நடுவில் அந்த இருமல் தெளிவாக இருந்தது. அதை ஒருநாள் வெட்டி எடுத்துவிட நினைத்திருந்தேன் என்பதை நினைக்க எனக்கு உடம்பு கூசியது. அதை அவவுக்கு ஒரு பொய்யோடு சேர்த்துக் கொடுக்க மனம் வரவில்லை. சுதன் சொன்னதை மறந்து, பிளக் கழன்ற கதை முழுவதையும் சொன்னேன். அந்தப் பிள்ளை முகம் மாறும் என்று பார்த்தேன், மாறவில்லை. பென் டிரைவைக் கைப்பைக்குள் வைத்து மூடிவிட்டுச் சொன்னா: "என்னண்டு கழண்டால் என்ன அக்கா, அவன் இருமினது உண்மைதானே."

பொக்ஸில் வைத்த கை

ஜெயசீலன் அண்ணை தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வரவில்லை. நானா மட்டும் வந்தார். புதிய ரெக்கோடிங்கைக் கேட்டார், தன் கருத்தைச் சொன்னார், மறுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நாலாவது கிழமை நேரே அண்ணையின் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணனுக்குக் காது போகுது தங்கச்சி" என்றார். கீச்சென்ற மேல் சத்தங்கள்தான் முதலில் போனதாம். நசீரின் கிற்றார் கேட்காமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல். டொக்டர் கொடுத்த மெஷினைப் போட்டால் பாட்டு தகரம் தட்டின மாதிரிக் கேட்கிறதாம். வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அப்படியென்றால் இந்த ஒரு வருஷமும் இரண்டு பேரும் எதை வைத்துச் சண்டை பிடித்தீர்கள் என்று கேட்டேன். நானா சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "நான் முதல்ல சொல்லும் வரைக்கும் பொறுத்திருந்து, என்ட வாயப் பாத்து, அதுக்கு எதிராச் சொல்லியிருக்கார். நான் போய்ச் சொன்னேன், கேக்காட்டியும் பரவால்ல அண்ணன், நீங்க வாங்க, எனக்குச் சண்டைக்கு வேற ஆள் இல்ல எண்டு."

அடுத்த கச்சேரி கிண்ணியாவில், பின்னேரம், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். நானா முன்கூட்டியே வந்து, சுதன் நிற்கிற பக்கத்துப் பெரிய பொக்ஸ் அருகே இரண்டு கதிரை போடச் சொன்னார். அவ்வளவு கிட்டவா என்று யோசித்துக்கொண்டே போட்டேன். நானா தன் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார். ஜெயசீலன் அண்ணை கொப்பி இல்லாமல் வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டில் இவர்கள் வெளிக்கிட்டார்கள். நானா அவருடைய கையைப் பிடித்து, பொக்ஸின் பலகையில் விரித்து வைத்தார். நசீர் மேலே போகும்போதெல்லாம் அண்ணையின் முழங்காலில் விரலால் தட்டிக் காட்டினார். நான் பேஸ் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். மற்றவர்களுக்கு அது சரியாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது, அன்றைக்கு நான் யோசிக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணை முழங்காலைத் தட்டிய விரலை மெல்ல விலக்கிவிட்டார். மற்றக் கையையும் பலகையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். நானா வழக்கம்போல நசீரைப் பற்றித் தொடங்க, ஜெயசீலன் அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார். காது கேட்காதவர் கதைக்கிற மாதிரிக் கொஞ்சம் உரத்துத்தான் சொன்னார்: "இவ்வளவு நாளும் பிழையா எழுதிப்போட்டன். வெளிக்கிடுறவன் நசீர் இல்லை, சுதன். அவன் கீழால முதல் திரும்புறான், மற்றவங்கள் பின்னால போறாங்கள்." பதினோரு வருஷத்தில் பேஸ் வாசிக்கிறவரைப் பற்றி ஒருவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். எனக்கு மேசையில் இருந்த பொத்தான் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நானா இதற்கும் மறுத்துச் சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். அவர் காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு, அண்ணைக்கு வாய் தெரியும்படி முகத்தை நேரே திருப்பிச் சொன்னார்: "ஓம் அண்ணன், நீங்க சொன்ன பொறகுதான் எனக்கும் கேக்குது."

இதைப் போய், அவர் கண் மூடுவதை நான் குறித்துக்கொள்வதையும் சேர்த்து, அப்படியே வீட்டில் சொன்னதுதான் நான் செய்த மடைத்தனம்; அன்றிலிருந்து சுதனிடம் ஒரு தேங்காய் திருவித் தரச் சொன்னாலும், அவர் முதலில் கண்ணை மூடிக்கொள்கிறார்.