கடல் தாண்டிய சீட்டு

யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வக்கீல் மெய்யப்பன் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். மலேசியாவின் ஈப்போ நகரில் அவருடைய ஆபீசைக் கூட்டி, காப்பி கலக்கும் கலாதேவி பத்தொன்பது வருடமாக இதைக் கவனித்து வருகிறாள்.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் அவள். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். அவளுடைய மகள் ஷர்மினி சட்டம் படித்து, கடலுக்கு அப்பால் உள்ள சபா மாநிலத்துக்காரரைக் கட்டிக்கொண்டு, பல வருடம் அங்கேயே இருந்து வக்கீலானாள். அப்பாவுக்கு முடியாமல் போனபோது ஈப்போவின் புந்தோங் பகுதியிலிருந்த வீட்டுக்குத் திரும்பியவள், மெய்யப்பனிடம் வேலை கேட்டுப் போனாள்.

அவர் சான்றிதழ் நகலைத் திருப்பிப் பார்த்தார். "கடல் தாண்டுன சீட்டும்மா இது. இங்க செல்லாது. முதல்லேருந்து பயிற்சி எடு. அதுவரைக்கும் அம்மாவோட சேந்து காப்பி கலக்கு" என்று சிரித்தார்.

சட்டம் அவர் பக்கம்தான். சபா வக்கீலுக்கு இங்கே தனி அனுமதி வேண்டும், இங்குள்ளவருக்கு அங்கே வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை. கலாதேவி அதை மறக்கவில்லை. அப்பா காரியம் முடிந்ததும் ஷர்மினி சபாவுக்கே போய்விட்டாள்.

ஆறு வருடம் கழித்து, போன வருடம், மெய்யப்பனின் பெரிய கட்சிக்காரருக்குச் சபாவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்ட வழக்கு வந்தது. நானே வந்து வாதாடுகிறேன் என்று மெய்யப்பனும் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு அங்குள்ள நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும்; மனுப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் யாரென்று பார்த்தால், ஷர்மினி.

"பாஸுக்கே பெர்மிட்டாம்லா அக்கா, வெளிநாட்டுலேருந்து கட்டட வேலைக்கு வந்த ஆளு மாதிரி!" என்று குமாஸ்தா புனிதா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மெய்யப்பன் கலாதேவியை அறைக்குள் கூப்பிட்டு, முதல் முறையாக உட்காரச் சொன்னார். "கலா, என் மனுவ எதிர்க்க வேணாம்னு மகக்கிட்ட சொல்லேன். நம்ம புள்ளதானே."

"சொல்றேன் சார்."

பஸ் நிறுத்தத்திலேயே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"எதிர்க்கிறதும் விடுறதும் என் இஷ்டம்னு கட்சிக்காரங்க சொல்லிட்டாங்க. பாவம்மா, வயசானவரு. விட்டுடவா?"

"அன்னிக்கு நீ வெளிய போனதும் உன் நகல் மேல காப்பி கப்ப வச்சாரு, ஷர்மினி. வட்டமா கறை. நான்தான் எடுத்துட்டு வந்தேன். உங்கிட்ட சொல்லல."

வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல் கலாதேவி அதைப் போகவிட்டாள்.

"எதிர்த்துப் பேசு. நல்லா பேசு."

பேசினாள். இந்த வழக்குக்கு வேண்டிய அனுபவம் சபா வக்கீல்களிடமே இருக்கிறது என்றாள். மனு தள்ளுபடியானது.

"மகக்கிட்ட சொன்னியா இல்லையா?" என்று மெய்யப்பன் கத்தினார்.

"சொன்னேன் சார்." அது பொய்யில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தக் கட்சிக்காரருக்காகச் சபா வக்கீல் ஒருவர் வாதாடுகிறார். மெய்யப்பன் விமானம் ஏறிப் போய், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். கலாதேவி அதே ஆபீசில்தான் வேலை செய்கிறாள்.