ஏழு பேருக்கு ஓர் அளவு

வாடகைக்கு வந்த நாட்டிய உடுப்பை முகத்தருகே கொண்டுபோனால், எனக்கு முன்பு அதைப் போட்டு ஆடிய யாரோ ஒரு பிள்ளையின் வியர்வையும் பவுடரும் பாச்சை உருண்டையும் கலந்து நாறும். அந்த நாற்றத்துக்குள் நுழைவதற்காகத்தான் பன்னிரண்டு வயதில் நான் பதினைந்து நாள் பட்டினி கிடந்தேன்.

கேரள எல்லையோரம், தனுவச்சபுரம் பக்கம் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கலோத்சவம் என்ற பள்ளிக் கலைவிழாவில் 'குரூப் டான்ஸ்' ஆட ஏழு பேரை எடுத்தார்கள்; முன்வரிசையில் நடுவிடம் எனக்கு. அடவு மறந்த பிள்ளைகள் ஓரக்கண்ணால் என் காலைப் பார்த்துத்தான் ஆடுவார்கள். நெய்யாற்றங்கரைக் கடையிலிருந்து உடுப்பு வந்தது. ஏழும் ஒரே அளவு, எங்களில் ஒல்லியானவளுக்குப் பார்த்து எடுத்த அளவு. ஆறு பேருக்கு முதுகில் கொக்கி மாட்டியது; எனக்கு இரண்டு விரல் இடைவெளி. பதினைந்து நாளில் கொக்கி மாட்டாவிட்டால் வேறு பிள்ளையைப் போட்டுக்கொள்வதாக டான்ஸ் டீச்சர் மலையாளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றுமுதல் எனக்கு 'உண்டை' என்று பெயர்.

டீச்சர்மேல் கோபமில்லை என்று பெருந்தன்மையாக எழுத எனக்கு இஷ்டமில்லை, இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அம்மாமேல். அம்மா உதியன்குளங்கரை சந்திப்பில் தையல் கடை வைத்திருந்தாள். பிள்ளை பெற்று வந்த பெண்களின் ஜாக்கெட்டுகளை, "உடம்புன்னா கூடும் குறையும்" என்று ஆறுதல் சொல்லியபடி பிரித்துத் தளர்த்திக் கொடுப்பது அவளுக்குக் கால்மணி நேர வேலை. என் உடுப்பையும் உள்பக்கம் திருப்பி, தையலுக்குள் மடிந்துகிடந்த துணியை விரலால் அளந்து பார்த்தாள். தாராளமாக இருந்தது. பிறகு மடித்து என் கையிலேயே தந்தாள்.

"வாடகைத் துணியாக்கும், தையலைப் பிரிக்கப்பிடாதுன்னு கடையில சொல்லியிருக்கு. ரெண்டு ஆழ்ச்ச வாயைக் கெட்டு, மக்கா. நாலு பேரு பாக்குற இடமில்லியா?"

காலையில் கஞ்சித் தண்ணீர், மதியம் பாதி வயிறு, இரவில் ஒன்றுமில்லை. கப்பைக்கிழங்கும் மீனும் மணக்கும்போது நான் வெளியே போய் நிற்பேன். பள்ளியில் பக்கத்துப் பிள்ளை தந்த அச்சப்பத்தை மென்றுவிட்டு, விழுங்காமல் போய்த் துப்பினேன். பதினாலாம் நாள் கொக்கி மாட்டியது. மேடையில் ஆடினேன், பரிசும் கிடைத்தது. ஆடியது எதுவும் நினைவில் இல்லை. மூச்சை நன்றாக இழுத்தால் கொக்கி தெறித்துவிடும் என்ற பயம் மட்டும் நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்கள், "இப்பமாக்கும் பிள்ளைய பாக்கக் கொள்ளாம்" என்றபோது அம்மா பூரித்துப்போனாள். அந்தப் பூரிப்புக்காகவே நான் பட்டினியை விடவில்லை. மறுவருடம் ஒத்திகையில் மயங்கி விழுந்தேன். ஆட்டம் அதோடு நின்றது.

அந்த வாடகைக் கடை இப்போது இல்லை. அளவெடுத்துத் தைக்கிறார்கள், இழுத்தால் நீளும் துணிகூட வந்துவிட்டது. அம்மாவும் தையலை விட்டுவிட்டாள். அன்றைக்கு ஏன் பிரித்துத் தரவில்லை என்று போன மாதம் கேட்டேவிட்டேன்.

"கடைக்காரனுக்கு என்ன சமாதானம் சொல்ல?" என்றாள்.

மகளுக்கும் ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. பசிக்கிறதா, சோறு வைக்கட்டுமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். கோபத்தில் சொன்னதல்ல. நாற்பது வயதாகிறது, பசி எப்படி இருக்கும் என்பது எனக்கு உண்மையிலேயே மறந்துபோயிற்று.