ஜன்னலுக்குப் போட்ட ஷூ பசை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. அப்போது மாதனூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. மகளுக்கு ஒன்றரை வயது.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் ஒட்டும் பிரிவில் நான் தரம் பார்ப்பவள். பசையைத் தடவிக் காயவைத்து ஹீட்டருக்குள் அனுப்புவார்கள். சூட்டில் அது இளகி, மறுபடி பிசுபிசுப்பாக வெளியே வரும். அந்த நேரத்தில் சேர்த்து அழுத்தினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஹீட்டரின் சூடு சரியா, ஒட்டியதை இழுத்தால் பிரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. வேலையில் எனக்கு நல்ல பெயர்.

வீட்டில் நான் வேறு மாதிரி. கேஸை மூடினேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்ப ஏறுவேன். கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். குழந்தை ஒருமுறை தும்மினால் இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "உன்னோட பெரிய பேஜாரா போச்சு" என்பார் கணவர்.

எங்கள் அறையில் மேற்குப் பார்த்த அலுமினிய ஜன்னல் ஒன்று. அதன் மேல்பகுதியில் திறக்க முடியாத ஒரு கண்ணாடி. அதை உள்பக்கமாகப் பிடித்திருந்த ரப்பரும் அலுமினியப் பட்டையும் கழன்றுபோய், காற்றடித்தால் கடகடவென்று ஆடும். ஃபேன் அங்கே இருந்ததால் குழந்தையை அதற்குக் கீழேதான் படுக்கவைப்போம். வீட்டுக்காரரிடம் சொன்னோம். "ஆள் அனுப்பறேம்மா" என்றே இரண்டு மாதம் ஓட்டினார்.

பிறகு சூப்பர்வைசரிடம் கேட்டு, மீந்த பசையை ஒரு சின்ன டப்பாவில் வாங்கிவந்தேன். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஸ்கூல் பை, பக்கெட், நாற்காலிக் கால் என்று எது பிய்ந்தாலும் ஷூ பசைதான். நான் முறையாகவே செய்தேன். கண்ணாடி விளிம்பையும் அலுமினியத்தையும் துடைத்து, இரண்டிலும் தடவிக் காயவிட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே காட்டிச் சூடேற்றி, அழுத்தினேன். மறுநாள் கணவரைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். "சிமெண்ட் போட்ட மாதிரி நிக்குதே!" என்றார். அது ஜனவரி. அதற்குப் பிறகு நான் அந்தக் கண்ணாடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி இருக்கும். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றதும் வேர்த்து விழித்து அழ ஆரம்பித்தாள். கரண்ட் ஆபீஸைத் திட்டிக்கொண்டே அவளைத் தூக்கிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். அங்கே கொஞ்சம் காற்று வரும். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளே பெரிய சத்தம். பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கண்ணாடி பாய்மேல் விழுந்து உடைந்திருந்தது. குழந்தையின் தலையணையிலும் சில்லுகள். கீழே இருந்த கணவர் சத்தம் கேட்டு ஓடிவந்தார். துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைக் கூட்டினார். நான் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் சட்டத்தைத் தொட்டேன். விரல் சுட்டது. விரலை எடுத்தபோது பசை நூல்நூலாகக் கூடவே வந்தது. ஹீட்டரிலிருந்து வெளியே வரும்போது எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது.

மறுநாள் லீவு போட்டேன். அலுமினிய வேலை செய்யும் ஒருவர் வந்தார். வயது நாற்பது இருக்கும். சட்டத்தைச் சுரண்டியதுமே சிரித்துவிட்டார்.

"ஷூ கம்பெனிங்களா? ஆம்பூர்ல பாதி வீட்ல இதைத்தாம்மா சுரண்டினு இருக்கேன். செருப்புக்குப் போடறதைக் கொண்டாந்து கண்ணாடிக்கு அப்பிடறீங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். வெயிலில் அலுமினியம் நீளும், கண்ணாடி அந்த அளவு நீளாது. நடுவில் இருப்பது இரண்டுக்கும் இடம் கொடுத்து, இழுபட்டு மீள வேண்டும். கண்ணாடிக்குப் போடும் சிலிக்கான் பசை அப்படி மீளும். அதோடு பாரத்தைத் தாங்கப் பட்டையும் இருக்க வேண்டும். "இது என்னடான்னா, குளிர்ல விறைச்சு நிக்குது, வெயில்ல இளகிப் போவுது. சூடு பட்டா இளகும்னு கம்பெனில சொல்லித் தரலியா? நீங்க எந்த செக்ஷன்மா?"

"தையல்" என்றேன்.

"அப்ப சரி. தைக்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது" என்று இரக்கத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, புதுக் கண்ணாடியை மாட்டினார். கணவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த மனிதரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மறு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. கேஸ், காய்ச்சல் என்று எனக்கு நிச்சயமில்லாத எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த நான், நன்றாகத் தெரியும் என்று நினைத்த ஒன்றை மட்டும் நான்கு மாதம் குழந்தையின் தலைக்கு மேலேயே விட்டுவைத்திருந்தேன் என்பதை இப்போதும் கையெழுத்துப் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.