தம்பி பிழைத்துக்கொண்ட கதை

நான் எழுதிய வாக்கியம் ஒன்று நைனாவின் சட்டைப் பையிலிருந்து கேட்டது. நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்த வைக்கும் வேலை அவருக்கு. மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். போனைப் பையில் போட்டுக்கொண்டு, கதை வாசிக்கும் சேனல் ஒன்றைக் கேட்டபடியே ஒரு காரைப் பின்னால் வரச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெண், விளம்பரத்துக்குப் பேசுகிற குரலில், என் தம்பியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கதை பாப்பா" என்றார், சோற்றைப் பிசைந்தபடி. "நம்ம பையன் மாதிரியே ஒருத்தன். கம்பெனி வேலைக்கு பைக்ல போய்க்கினு இருக்கான், லாரிக்காரன் அடிச்சிட்றான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பொழச்சிக்கினான். காலு மட்டும் கொஞ்சம் சாய்ச்சி நடக்கறான்."

என் தம்பி பிழைக்கவில்லை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், ஷிப்டுக்குப் போகிற வழியிலேயே முடிந்துபோனான். அதை வேலைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் போனிலேயே தட்டி எழுதினேன். பெயர்களை மாற்றி, புனைபெயரில் மின்னூலாகப் போட்டேன். அட்டைப்படமும் நானே செய்ததுதான், பார்த்தாலே தெரியும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னாலும் நைனாவால் படிக்க முடியாது. ஆந்திர எல்லைக்குள் நாகலாபுரத்துப் பக்கம் எங்கள் வீடுகளில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது தெலுங்கு. நான் மட்டும் தமிழ்நாட்டில், ஊத்துக்கோட்டை மாமா வீட்டில் தங்கிப் படித்ததால் எனக்குத் தமிழ் எழுத்து வந்தது. அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் எதையும் மறைக்காமல் எழுதினேன். பிணவறை வாசலில் நின்றுகொண்டு, "காலைல ஒண்ணும் துன்னாம போய்ட்டான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக்கூட எழுதியிருந்தேன்.

சேனல்காரர்கள் அந்தப் புத்தகத்தை வரிக்கு வரி எடுத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். சாவு வந்தால் கேட்கிறவர்களுக்குப் பிடிக்காது என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. அது என் கதை என்று சொன்னால், பையன் பிழைத்தது பொய் என்றும் சொல்ல வேண்டும். நைனாவோ முடிவை மறுபடியும் போட்டுக் கேட்டார். தம்பி போனதிலிருந்து பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிடுகிறவர், அன்று தூக்குப் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் விட்டாலும் அது என்னை விடவில்லை. என் மின்னூலின் கீழே ஒரு வாசகர் எழுதினார்: சேனலில் வந்த கதையைத் திருடி, அருமையான முடிவைக் கெடுத்து வைத்திருக்கிறார் இந்த அம்மாள். அதற்குக் கீழே வரிசையாக ஆமாம் போட்டார்கள். பிறகு நூலை விற்கும் தளத்திலிருந்து ஒரு மெயில். இது வேறொருவர் படைப்பின் நகல் என்று புகார் வந்திருக்கிறதாம், நான் நிரூபிக்கும்வரை புத்தகத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என் தம்பி செத்ததை நான் யாரைப் பார்த்து காப்பியடித்தேனாம்?

தெரிந்தவர்கள் சொல்லி, சித்தூரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். தமிழ் அவருக்குப் பாதி புரியும், படிக்க வராது. எழுதியபோதே உரிமை உங்களுடையதாகிவிட்டது, பதிவு செய்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை, ஆனால் முதலில் எழுதியது நீங்கள்தான் என்று காட்ட வேண்டும் என்றார். இரண்டு கதையையும் தெலுங்கில் சொல்லச் சொன்னார். தெலுங்கு எனக்கு ஆபீசில் பேசுகிற மொழி. அதில் என் தம்பியைப் பற்றி நான் யாரிடமும் பேசியதே இல்லை. ஏதோ வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்க வந்தவள் மாதிரி சொல்லி முடித்தேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

"என்னுடையதில் அவன் செத்துப்போகிறான் சார்."

"நீங்களாக வைத்த முடிவா?"

"என் தம்பி சார்."

அவர் பேனாவை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார். பிறகு, முடிவை மாற்றினாலும் திருட்டு திருட்டுதான் என்றார். போனில் கிடக்கும் பழைய பிரதிகளை அனுப்புங்கள், கூடவே இறப்புச் சான்றிதழையும் வையுங்கள், கதை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் சேனல்காரர்கள் எடுக்காமல் விட்டது அவன் சாவு ஒன்றைத்தான். தொலைந்த நகைக்கு ரசீது காட்டுகிற மாதிரி அதைக் காட்டி மற்றதை மீட்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். புகார் கொடுத்தால் என் புத்தகம் திரும்பிவரும், நைனாவின் கதை போய்விடும். கொடுக்காவிட்டால் அங்கே அவன் காலைச் சாய்த்து நடந்துகொண்டிருப்பான், அவனுக்கு நிஜமாக நடந்தது எங்கேயும் இருக்காது, நான் திருடி. பெரிய நியாயம் எதையும் நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை. கோபம்தான் ஜெயித்தது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன்.

சேனலில் கதையை எடுத்துவிட்டார்கள். என் புத்தகம் பழையபடி விற்பனைக்கு வந்தது. சந்தோஷப்படப் பார்த்தேன், வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா போனை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, அந்த கதைய காணோமே. எங்க போச்சின்னு பாரு."

வாங்கித் தேடுவதுபோல விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன். "எடுத்துட்டாங்க நைனா."

"யாரு?"

"அத எழுதனவங்க. அவங்கள கேக்காம போட்டுட்டாங்களாம். அதான் புகார் குடுத்து எடுக்க வெச்சிட்டாங்க."

"கேட்டுட்டு போட்டிருக்கணும், தப்புதான்" என்றார். போனை வாங்கிக்கொள்ளவில்லை. நான் நிமிராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரையும் குறை சொல்லாத குரலில் கேட்டார்.

"அந்த பையன் பொழச்சிக்கினது அவங்களுக்குப் புடிக்கலையாம்மா?"