வேர் வெளுத்த தலை

பார்லர்க்காரிக்கு மனிதர்களைப் பின்பக்கமாகத்தான் நன்றாகத் தெரியும். தெருவில் யாராவது எதிரே வந்து நலம் விசாரித்தால், யாரென்று பிடிபடாமலே ஒரு சிரிப்பைச் சிரித்து வைப்பாள். அவர்கள் கடந்துபோனதும் திரும்பிப் பார்த்து, "அட, நம்ம நெளிமுடியா!" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஊரார் தலையைப் பின்னாலிருந்து பார்த்தே பிழைப்பவளுக்கு, முகம் என்பது கண்ணாடியில் தெரிகிற கூடுதல் சமாச்சாரம்.

படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தில் கைகழுவி விட்டார்கள். ஒரு பெரிய பார்லரில் தரையில் விழுந்த முடியைக் கூட்டுகிற வேலைக்குப் போனாள். கூட்டியவளுக்குத் தலை அலசும் வேலை கிடைத்தது, பிறகு சாயம் கலக்கும் வேலை. ஒருநாள் முடி வெட்டுகிறவள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, கத்தரியும் கைக்கு வந்தது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததும் புருஷனிடம் அவள் கேட்டது நகை அல்ல, வீட்டு முகப்பில் இருந்த கார் கொட்டகை.

"கார்தான் இல்லையே, கொட்டகை எதுக்குச் சும்மா கெடக்கணும்?" என்றாள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவள் புருஷன் அதிகம் பேசாதவர். அந்த வாரமே சுவர் எழுப்ப ஆளைக் கூட்டி வந்துவிட்டார்.

மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து நாற்காலி வந்தது. அது கொஞ்சம் சோம்பேறி. ஆள் உட்கார்ந்த சற்று நேரத்தில் பெருமூச்சு விட்டபடி தானாக இறங்கும். "அக்கா, நான் குள்ளமாயிட்டே போறேன்" என்பார்கள். "பேச்சக் கொறைங்க, கனம் கொறையும்" என்று காலால் மிதித்து மறுபடி ஏற்றுவாள்.

அதில் முதலில் உட்கார்ந்தது பக்கத்து வீட்டு அண்ணி, புருஷனின் அக்கா. "என் தம்பி காச நீ எப்படிக் கரியாக்குறேன்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தாள். வெட்டி முடித்ததும் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்து, "பரவாயில்ல" என்றாள். அண்ணி வாயிலிருந்து அது பெரிய பட்டம். அன்றிலிருந்து அண்ணியின் தலையை இவள் பார்த்துக்கொண்டாள், இவள் மனசை அண்ணி பார்த்துக்கொண்டாள். பெற்ற தாயிடம் சொல்லாததையும் அண்ணியிடம் கொட்டிவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தெருவில்தான் கம்பெனி வந்து நுழைந்தது.

தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த சோடா ஃபேக்டரி இடத்தில் முப்பது மாடி அடுக்ககம் வரப்போவதாகப் பலகை வைத்தார்கள். உச்சியில் நீச்சல்குளம், காருக்குத் தனி லிஃப்ட். "நம்ம மொட்டைமாடியில வெயிலே விழாதே, துணி எங்க காயும்?" என்றது ஒரு வாசல். "அத்தனை வீட்டுக் கக்கூஸ் தண்ணியும் நம்ம குழாய்லதான் வரும், மோந்துக்கிட்டே சாப்பிடு" என்றது எதிர் வாசல்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவ்வளவு உயரம் கட்ட, தெரு அகலமாக இருக்க வேண்டுமாம். இந்தத் தெருவிலோ எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். ஆகவே வீட்டுக்காரர்கள் முன்பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். பாதிப் பேர் சம்மதித்துவிட்டால் மீதிப் பேரின் இடத்தை அரசாங்கமே எடுத்துக்கொடுக்கும் என்று பேச்சு. பார்லர்க்காரி வீட்டில் முன்பக்கம் என்பது பார்லரேதான். நாற்காலி நிற்கிற இடத்தில் கார் ஓடும்.

மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தெருவில் இருந்தார், பெயரே 'மீட்டர்' என்றாகிவிட்டது. அவர் எல்லோரையும் கூட்டி, "ஒரு வீடு கூடக் கொடுக்கக் கூடாது. பிரிஞ்சோம்னா தொலைஞ்சோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கம்பெனி ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். வந்ததில் ஒன்றுமில்லை, எல்லாம் தெரிந்துகொண்டு வந்தார்கள் என்பதுதான் விஷயம். கோடி வீட்டு மாமாவிடம் போய், வெளிநாட்டில் படிக்க ஆசைப்படுகிற அவர் மகளைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பெண் அதை அப்பாவிடமே இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வீட்டில் மாமியாரோடு ஒத்துப்போகாத மருமகளைத் தனியாகப் பார்த்து, தனிக் குடித்தனத்துக்குத் தோதாக இரண்டு சின்ன வீடு தருகிறோம் என்றார்கள். மீட்டருக்குக் கண்ணில் புரை விழுந்திருப்பது அவர் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனி அவருக்கு நல்ல கண் டாக்டரைச் சிபாரிசு செய்தது.

"உள்ளேயிருந்து எவனோ ஊதுறான்" என்றார் மீட்டர். அதோடு தெரு மாறிப்போனது. வாசலில் நின்று பேசுகிறவர்கள் உள்ளே போய்ப் பேசினார்கள். உள்ளே பேசுகிறவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். எந்த வீட்டுக்கு யார் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று திரைச்சீலைகள் கணக்குப் பார்த்தன.

பார்லர்க்காரி வீட்டுக்கும் வந்தார் ஒரு கோட்டுக்காரர். புருஷனிடம் பதமாகப் பேசினார். "உங்க வீட்டம்மாவுக்குப் புதுக் கட்டடத்துல கீழேயே ஒரு கடை, சார். ரெண்டு நாற்காலி. சுடுதண்ணி வர்ற தொட்டி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி."

கதவுக்குப் பின்னால் நின்றவள் இடுக்கில் கண்ணை வைத்து அவரைப் பார்த்தாள். அந்த இரண்டு நாற்காலியும் சுடுதண்ணித் தொட்டியும் முழுச் சுவர்க் கண்ணாடியும் அவளுடைய ஆசை. அதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னது ஒரே ஒரு ஆளிடம்.

அதற்கப்புறம் அண்ணி எதைச் செய்தாலும் அதில் ஒரு உள்குத்து தெரிந்தது. அண்ணி வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை எப்படி வந்தது? போனில் ஏன் மெதுவாகப் பேசுகிறாள்? கம்பெனி கார் அண்ணி வீட்டு வாசலில் நின்ற அன்று, பார்லர்க்காரி ஒரு தலைக்குச் சீயக்காயை இரண்டு தடவை போட்டு அலசிவிட்டாள். கார் போனதும் ஈரக்கையோடு நேரே போய் நின்றாள்.

"என்ன அண்ணி, கதவெல்லாம் சாத்திப் பேச்சு?"

"ஏசி போட்டா கதவத் தொறந்தா வைப்பாங்க? முட்டி வலிக்கு லிஃப்ட் வீடு தர்றேன்னாங்க. எனக்கு முட்டி வலின்னு யாருடா சொன்னதுன்னு கேட்டு வெரட்டிட்டேன்."

"அதானே, யாரு சொல்லியிருப்பா?"

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மா, நீ கேள்வி கேக்க வந்தியா, விசாரணை பண்ண வந்தியா?"

திரும்பி வந்து பார்லர்க்காரி செய்த காரியம், மீட்டரைக் கூப்பிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, எனக்கு எங்க அண்ணி மேலதான் சந்தேகம்" என்றது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணி தண்ணீர் பிடிக்க வந்தால் குழாயடியில் பேச்சு நின்றது.

அந்த வாரம் டீச்சர் தலைக்குச் சாயம் போட வந்தாள். சில மாதமாக வருகிற வாடிக்கை, நாலு தெரு தள்ளி டியூஷன் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். உச்சியில் இரட்டைச் சுழி. வகிடு எப்படி எடுத்தாலும் அடங்காத முடி. அதற்கென்றே கபில நிறத்தில் கொஞ்சம் சிவப்பு சேர்த்துக் கலப்பாள் பார்லர்க்காரி.

"முகம் வாடியிருக்கே அக்கா?" என்றாள் டீச்சர் கண்ணாடியில்.

"என்னத்தச் சொல்ல..." பிரஷ் வேரில் ஓட ஓட, வாயும் ஓடியது. அண்ணி, திரைச்சீலை, கதவு, கோட்டுக்காரர், மீட்டர் அடுத்துப் போடப்போகிற திட்டம். நாற்காலி பெருமூச்சு விட்டு இறங்கியது. மிதித்து ஏற்றினாள்.

"அப்புறம்?" என்றாள் டீச்சர்.

தெருவை அகலப்படுத்துவது பற்றி அரசாங்கம் வைத்த கருத்துக் கேட்புக் கூட்டம், ஒரு மாதம் கழித்து ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. மேடையில் அதிகாரி. முன்வரிசையில் கம்பெனி ஆட்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் தெருவே திரண்டிருந்தது, ஆனால் ஒவ்வொரு குடும்பமும் நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தது. அண்ணி தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மீட்டர் எழுந்து இடம் தரமாட்டோம் என்று ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "முதல்ல நம்மள வித்தவங்க யாருன்னு சொல்லச் சொல்லுங்க சார்!" என்றது. எல்லாத் தலையும் அண்ணி பக்கம் திரும்பியது. கோடி வீட்டு மாமா, "காட்டிக் கொடுக்கிறவங்க இருக்கும்போது நான் மட்டும் எதுக்கு நட்டப்படணும்? நான் கொடுத்துடுறேன்" என்றார். "நானும்" என்றது இன்னொரு குரல். முன்வரிசைக் கோட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவேயில்லை. தோள் மட்டும் சிரித்தது. அண்ணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பார்லர்க்காரி அண்ணியைப் பார்க்க முடியாமல் பார்வையை முன்பக்கம் திருப்பினாள். அங்கே ஒரு தலை. கோட்டுக்காரருக்குப் பக்கத்தில். உச்சியில் இரட்டைச் சுழி. சிவப்பு சேர்த்த கபிலம். சுழியைச் சுற்றி வேர் வெளுத்துக் கிடந்தது.

 இரண்டு நாற்காலி, சுடுதண்ணித் தொட்டி, மீட்டரம்மா புலம்பிய கண், கோடி வீட்டுப் பெண்ணின் வெளிநாடு, அண்ணியின் முட்டி. எல்லாமே அந்தத் தலைக்குமேல் நின்று பேசியவைதான். ஆனால் யாரிடமும் சொன்னதாக அவளுக்கு நினைப்பே இல்லை. வேலை நேரத்தில் பேசுவதை அவள் பேச்சுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. கை ஓடும்போது வாய் ஓடுகிறது, அவ்வளவுதான்.

பேசாமல் இருந்துவிடலாம். அண்ணி வெளியே போய்விடுவாள், கதை அண்ணியோடு முடிந்துவிடும். அண்ணி கதவருகே போய்விட்டாள்.

பார்லர்க்காரி எழுந்தாள். விறுவிறுவென்று முன்வரிசைக்குப் பின்னால் போய் நின்று, தலை அலசும்போது குழாய்ச் சத்தத்துக்கு மேல் பேசுகிற குரலில் கேட்டாள்:

"என்ன டீச்சர், வேரெல்லாம் வெளுத்துடுச்சே! இந்த வாரம் சாயம் போட வரலையா?"

அந்தத் தலை திரும்பவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

"டீச்சரா?" என்றார் அதிகாரி குழம்பி. "இவங்க கம்பெனியோட மக்கள் தொடர்பு மேனேஜர்னு இங்க பட்டியல்ல எழுதியிருக்கு."

 பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து தாங்கள் சொன்னதையெல்லாம் பெண்கள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கோடி வீட்டு மாமா மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். "தர்றேன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். வேவு பாக்குறவனுக்கு ஒரு அடி மண்ணு கிடையாது" என்று அவர் கத்த, இன்னொரு குரலும் வாபஸ் வாங்கியது. அதிகாரி கூட்டத்தைத் தள்ளி வைத்தார்.

அண்ணி கதவருகிலிருந்து வந்தாள். "அப்போ நீதானா? அவகிட்டச் சொன்னது?"

"சொல்லல அண்ணி," என்றாள் பார்லர்க்காரி. "பேசிக்கிட்டிருந்தேன்."

அண்ணி அவளை அடிக்காததுதான் பாக்கி. பையை இடுக்கிக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

பார்லர் காற்று வாங்கியது. தெருப் பெண்கள் பஸ் ஏறி வேறு இடத்தில் முடி வெட்டிக்கொண்டார்கள். பலகையும் போகவில்லை, கம்பெனியும் போகவில்லை. கூட்டத்துக்கு அடுத்த தேதி மட்டும் வரவேயில்லை. புருஷன் ஒருநாள் நாற்காலியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இத ரிப்பேர் பண்ண முடியாது" என்றார். 

ஒரு மத்தியானம் அண்ணி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "சாயம் போடு. வாயத் தொறந்தே, பாதியில எழுந்து போயிடுவேன்."

பார்லர்க்காரி உதட்டை இறுக்கிக்கொண்டு வேலை செய்தாள்.  நாற்காலி பெருமூச்சு விட்டு இறங்கியது, மிதித்து ஏற்றினாள்.

வாசலில் ஒரு நிழல். பழக்கமில்லாத ஒரு பெண் தலையை நீட்டி, "கட்டிங் பண்ணுவீங்களாக்கா?" என்றாள்.

கண்ணாடியில் அண்ணி கண்ணும் பார்லர்க்காரி கண்ணும் சந்தித்துக்கொண்டன. பார்லர்க்காரி பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்தாள். இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிக் கேட்டார்கள்.

"நீங்க எந்த வீடு?"