மஞ்சள் பூசிய குதிரையோடு காஜா பெராங்குக்கு

1943ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அலோர் காஜாவிலிருந்து மலாக்கா சாலையில் நடக்கத் தொடங்கினோம். ஆறு என்பது எங்கள் பழைய கணக்கு. ஜப்பானியர் வந்தபின் அலுவலகக் கடிகாரங்கள் தோக்கியோ நேரம் காட்டுகின்றன. அரசாங்கத்துக்கு அப்போது மணி ஏழரை. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இப்போது வெளியே கிளம்ப வேண்டியிருக்கிறது.

போனவர்கள் மூவர்: தோட்டத்தில் கிராணியாக முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதி ஓய்ந்த நான், வண்டிக்காரர் முனியாண்டி, அவருடைய பெட்டைக்குதிரை ராணி. பெட்ரோல் கண்ணில் படாத இந்நாளில் எங்கள் தோட்டத்து நோயாளிகளை மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ராணியின் வண்டி ஒன்றுதான். அவளுக்கு வயது பதினான்கு. இன்றைக்கே சினை பிடித்தாலும் குட்டி பிறக்கப் பதினொரு மாதம், அதை வண்டியில் பூட்ட மேலும் மூன்று வருஷம். இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது.

எங்கள் பக்கத்து ஆண் குதிரைகள் எல்லாம் காயடித்தவை. மலாக்கா நகரத்துக் காஜா பெராங்கில், கம்போங் செட்டியில் வசிக்கும் ஆறுமுகம் பிள்ளை என்பவரிடம் காயடிக்காத பொலிகுதிரை ஒன்று இருப்பதாகச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். புதன்கிழமை காலை அதை ஜப்பானியப் பட்டாளத்தில் ஒப்படைக்க அவருக்கு உத்தரவு. அதற்குள் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் யார் பெட்டையைக் கொண்டுவந்தாலும் சேர்த்து விடுவதாக அவர் சொல்லி அனுப்பியிருந்தார். ராணிக்குப் பருவம் வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஆகவே எங்களுக்கு இருந்தது ஒரே நாள்.

வெளிச்சம் வந்த பிறகுதான் ராணியைச் சரியாகப் பார்த்தேன். கழுத்து முதல் வால் வரை மஞ்சளாக இருந்தாள்.

"இது என்ன கோலம்?" என்றேன்.

"நாலு பேர் பாக்கிற எடத்துக்குப் போவுதுங்க ஐயா. சீயக்கா போட்டுக் குளிப்பாட்டி, மஞ்ச பூசி, சாம்பிராணி காட்டிக் கொண்டாந்திருக்கேன். பொண்ணுன்னா ஒரு மரியாதை வேணாமா?"

எனக்கும் அது தப்பாகப் படவில்லை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள்.

ஒன்பதரை மணிக்கு ஒரு மலாய்க்காரர் கடையில் அவித்த மரவள்ளிக் கிழங்கும், சோளத்தை வறுத்து இடித்த 'காப்பி'யும் சாப்பிட்டோம். தட்டு ஐம்பது காசு. ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டில் கொடுத்தேன். கிழங்கில் உப்பு இல்லை. பதினொன்றரைக்குச் செங் என்ற ஊருக்கு அருகே காவல் சாவடி. இருவரும் இடுப்பு வளையக் குனிந்தோம். ஜப்பானியச் சிப்பாய் ராணியின் முதுகைத் தடவினான், தன் மஞ்சள் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான், தும்மினான். பிறகு போகச் சொன்னான். பெட்டைக்குதிரைகளை அவர்கள் இதுவரை கேட்கவில்லை என்றாலும், அந்தத் தும்மலுக்கும் அவன் கை அசைந்ததற்கும் இடையில் நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பாச்சாங்கைத் தாண்டிக் காஜா பெராங்குக்கு வரும்போது மணி இரண்டு. பதினான்கு மைல். பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழர்களின் ஊரான கம்போங் செட்டிக்குள் நான் முன்பு போனதில்லை. வீட்டு நிலைகளில் மாவிலைத் தோரணம், நெற்றியில் விபூதி, ஆனால் பெண்கள் உடுத்தியிருப்பது மலாய்க்காரர்களைப் போலச் சாரோங்கும் கெபாயாச் சட்டையும், பேச்சும் மலாய். குடும்பக் கோயில்களை எண்ணிக்கொண்டே வந்து ஐந்தில் விட்டுவிட்டேன், முனியாண்டி அவசரப்படுத்தினார். பஞ்சக் காலத்திலும் ஒவ்வொரு வாசலும் பெருக்கிச் சுத்தமாக இருந்ததை இங்கே குறித்துவைக்க வேண்டும். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் அதைப் பார்த்து நாளாயிற்று.

ஆறுமுகம் பிள்ளைக்கு ஐம்பது வயதிருக்கும். சாரோங்கை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். அவர் பேசிய மலாயில் 'மாமா', 'சாமி', 'பூசை' என்று நம் சொற்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தன. அவர் சொன்னவற்றை இங்கே நம் பேச்சில் தருகிறேன்.

ராணியைப் பார்த்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"குடா புக்கான் பெங்கான்தேன், மாமா" என்றார் என்னிடம். குதிரை கல்யாணப் பெண் இல்லை என்று அர்த்தம்.

பொலிகுதிரையின் பெயர் தேலி. குட்டியாக இருக்கும்போது சுமத்திராவிலிருந்து படகில் வந்ததாம். என் மார்பளவு உயரந்தான். ஆனால் அந்தக் கழுத்தின் வளைவையும் மார்பின் அகலத்தையும் பார்த்தபோது, வெள்ளைக்காரத் துரைமார் பந்தயத்துக்கு வைத்திருந்த நெட்டைக் குதிரைகள் எனக்கு வெறும் கால்களாகத் தோன்றின.

மார்பளவு உயரத்தில் கட்டிய ஒரு மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ராணியையும் இந்தப் பக்கம் தேலியையும் நிறுத்தினார்கள். முதலில் மூங்கிலுக்கு மேலே முகர விட வேண்டும். பெட்டை இசைந்தால்தான் மூங்கிலை எடுப்பார்கள். தேலி மூக்கை நீட்டியது. முகர்ந்தது. சீறிவிட்டு, திரும்பி நின்று புல் தின்னத் தொடங்கியது.

முனியாண்டிக்கு முகம் செத்துவிட்டது. "எங்க ராணிக்கு என்னங்க கொறை?"

"உங்க ராணியை அதுக்குத் தெரியவே இல்லையே. மூக்காலதான் குதிரை பொண்ணு பாக்கும். நீங்க கறிச்சட்டியைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க" என்றார் ஆறுமுகம் பிள்ளை.

"கழுவிட்டாப் போச்சு" என்று முனியாண்டி வாளியைத் தேடினார்.

"தொடாதீங்க. கழுவிக் கழுவித்தான் இந்தக் கதி."

பிறகு நடந்ததை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. வைக்கோலைச் சுருட்டி ராணியை அழுந்தத் தேய்த்தார்கள். சேற்றைப் பூசிக் காயவிட்டு மறுபடி தேய்த்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் கேட்காமலே வந்து கை கொடுத்தார்கள். தேலி படுத்திருந்த ஈரக் குப்பையை அள்ளிப் போட்டு அதில் அவளைப் புரளவிட்டார்கள். முனியாண்டி தலையில் அடித்துக்கொண்டார். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு மீண்டும் மூங்கிலருகே நிறுத்தினார்கள். தேலி கொஞ்ச நேரம் யோசித்தது. அவ்வளவுதான்.

"காலையில பாப்போம். ராத்திரி முழுக்க வேர்த்துப் புரளட்டும்" என்றார் ஆறுமுகம் பிள்ளை.

"காலையில நீங்க அதைக் கொண்டுபோகணுமே" என்றேன்.

"தோக்கியோ நேரம் பத்துக்கு, மாமா. நம்ம நேரம் எட்டரை. விடியறதுக்கும் எட்டரைக்கும் நடுவுல குதிரைக்கு நேரம் நிறையவே இருக்கு."

அவர் மனைவி தேங்காய்ப்பால் விட்ட மரவள்ளிக் கூழும், புளி போட்ட மீன் குழம்பும் பரிமாறினார். அதில் உப்பு இருந்தது. அந்த வாரத்தில் ஒன்பது பெட்டைகள் வந்து போனதாக ஆறுமுகம் பிள்ளை சொன்னார். ஒன்று ஜாசின் பக்கத்து வயல்காரருடையது, ஒன்று சீனக் காய்கறித் தோட்டக்காரருடையது. முனியாண்டி மடியிலிருந்து பணத்தை எடுத்தார். ஆறுமுகம் பிள்ளை அவர் கையை மடக்கிவிட்டார்.

"ஆண் குட்டி பிறந்தா காயடிக்காதீங்க. யாரு பெட்டையைக் கொண்டுவந்தாலும் இல்லைன்னு சொல்லாதீங்க. பெட்டைக்குட்டி பிறந்தா ஒண்ணுமே வேணாம். எங்க அப்பா காலத்துலயும் கூலி இதுதான்."

நாளைக்குத் தன் குதிரையை இழக்கப்போகிறவர் இதைச் சொன்னார். சிராம்பான் சாலையில் எனக்குத் தெரிந்த ஒருவர், உத்தரவு வரும் என்று கேள்விப்பட்ட அன்றே குதிரையைக் கறிக்கு விற்றார்.

புதன்கிழமை. வெளிச்சம் சரியாக வராத நேரத்தில் ஆறுமுகம் பிள்ளை என்னை எழுப்பினார். ராணி அடையாளம் தெரியாத அழுக்கோடு நின்றாள். பெண்கள் வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்திய பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த முறை தேலி முகர்ந்தது, மேலுதட்டைச் சுருட்டி முகத்தை வானத்துக்குத் தூக்கியது, தெருவே அதிரக் கனைத்தது. ராணி வாலை ஒதுக்கினாள்.

ஆறுமுகம் பிள்ளை அவள் வாலில் பழைய துணியைச் சுற்றி, பின்னங்கால்களுக்கு மெல்லிய கயிற்றைத் தளர்வாகப் போட்டார். மூங்கில் விலகியது. அவர் தேலியைப் பிடித்த பிடியில் இழுப்பே இல்லை. காதருகில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அதன் கூடவே நகர்ந்தார். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. முடிந்ததும் ராணியை மெதுவாக நடத்தச் சொன்னார், படுக்க விடாதீர்கள் என்றார். அப்புறம் தேலியின் வியர்வையைத் தன் சாரோங் நுனியால் துடைத்தார்.

ஏழரை மணிக்கு அவர் நகரத்துப் பக்கமும் நாங்கள் பாச்சாங் பக்கமும் பிரிந்தோம். கூட வரட்டுமா என்று முனியாண்டி கேட்டார். வேண்டாம் என்றார்.

"சினை பிடிச்சதான்னு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"இருபத்தொரு நாள் கழிச்சு இன்னொரு ஆண் குதிரையைக் காட்டணும். வாலை ஒதுக்கினா பிடிக்கலை, கிட்ட விடலைன்னா பிடிச்சாச்சு. நான் வந்து பாக்கறேன், மாமா."

வழிச் செலவு, காவல் சாவடி, பதினான்கு மைல் எல்லாவற்றையும் நினைத்து, மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் நாள் நண்பகலில் எங்கள் தோட்டத்துச் சாலையில் அவர் வந்தார். கையில் யாரிடமோ இரவல் வாங்கிய ஒரு கிழட்டு ஆண் குதிரை. பாதிப் பல் இல்லை. ஒரு நாள் தாமதத்துக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்; கிழவனால் வேகமாக நடக்க முடியவில்லையாம். ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார். கிழவனின் கழுத்தில் கிடந்தது தேலியின் கயிறு.

கிழவன் மூக்கை நீட்டியது. ராணி காதுகளைப் பின்னால் மடித்தாள், கீச்சென்று கத்தினாள், இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து உதைத்தாள். கொட்டகையின் பலகை ஒன்று பிளந்தது. கிழவன் ஆறுமுகம் பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"பலகைக்கு ஒண்ணரை வெள்ளி ஆகும்" என்றேன். வாய்ப் பழக்கம்.

யாரும் காதில் வாங்கவில்லை. முனியாண்டி சிரித்துக்கொண்டிருந்தார். ஆறுமுகம் பிள்ளை அந்தப் பிளந்த பலகையைக் கையால் தடவிப் பார்த்தார், "நல்ல உதை" என்றார், பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.