மாவு தீர்ந்த காட்சி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். என் எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கிவிடும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் படப்பிடிப்பு நடந்தால் பலகாரம் போட என்னைக் கூப்பிடுவார்கள். அப்படிப் பழக்கமானவர் ஒரு நடிகர். சென்னைக்காரர். பல வருடம் சீரியலில் மாப்பிள்ளையாக வந்தார். சாப்பிடும் காட்சியில் ஒரு வாய் வைப்பார். ‘கட்’ என்றதும் எழுந்துவிடுவார்.

“ஒரு நாளாச்சும் முழுசாச் சாப்பிடுங்கண்ணே” என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டேன்.

“மாப்பிள்ளைக்குத் தொப்பை விழுந்தா வேற மாப்பிள்ளை பாத்துருவாங்கண்ணே” என்றார்.

போன வருடம் அவரே ஒரு படம் எடுத்தார். தயாரிப்பு, இயக்கம், மகன் வேடம் எல்லாம் அவரே. கோட்டையூரில் ஒரு வீடு; அன்று கடைசி நாள். மறுநாள் சுற்றுலா விருந்தாளிகள் வருவதால் மதியத்துக்குள் காலி செய்தாக வேண்டும். மிச்சமிருந்தது படத்தின் கடைசிக் காட்சி. கோபித்துக்கொண்டு போன மகன் திரும்பி வருகிறான். ஆத்தா பேசாமல் வெள்ளைப் பணியாரம் வைக்கிறாள். அவன் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். ஆனால் அது சரியாக வராவிட்டால் படத்துக்கு முடிவே கிடையாது.

இரண்டு தடவை எடுத்தும் அவருக்குப் பிடிக்கவில்லை. “நடிக்கிறது நல்லாத் தெரியுது” என்று தன்னையே திட்டிக்கொண்டார். மூன்றாவது தடவைக்கு முன் எல்லோரிடமும் சொன்னார்: “நான் கட் சொல்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

நான் அடுப்படியில் சுட்டுக்கொண்டிருந்தேன். ஆத்தாவாக நடித்த மதுரை அம்மா வாங்கிப் போய் இலையில் வைத்தார். நடிகர் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தலை குனிந்தே இருந்தார். கட் சொல்லவில்லை. அந்த அம்மா மறுபடி வந்தார், வாங்கிப் போனார். அதையும் நடிகர் சாப்பிட்டார். பிறகும் சத்தமில்லை.

“இத்தனை வருசம் அடுத்தவன் சொல்லித்தானே எந்திரிச்சாரு. தான் சொல்லணும்கிறதே மறந்துபோச்சு” என்று அந்த அம்மா என் காதில் கிசுகிசுத்தார். “நீங்க சுடுங்க.”

முதலாளியிடம் கட் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? உதவி இயக்குநர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வேறு கவலை. கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டியது. அடுத்து அந்த அம்மா தட்டை நீட்டியபோது, பந்தியில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது:

“ஆச்சி, மாவு தீந்துபோச்சு.”

முற்றம் வரைக்கும் கேட்டது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த அம்மா மட்டும் வேடத்தை விட்டு இறங்கவில்லை.

“தீந்தா அரைக்கிறது. எம்மகன் இன்னைக்கித்தான வந்திருக்கான்.”

நடிகர் வாய் நிறையப் பணியாரத்தோடு நிமிர்ந்தார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, “கட்” என்றார்.

நான் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தேன். அதற்குள் அவர் அடுப்படிக்கே வந்துவிட்டார்.

“தெரியாமப் பேசிட்டேண்ணே. இன்னொருக்கா எடுங்க.”

“மாவு இருக்கா?”

“இல்லண்ணே.”

“எனக்கும் வயித்துல எடமில்ல. இதுதான் முடிவு.”

என் மனசு ஆறுவதற்காகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் காரைக்குடியில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டியபோது அதில்தான் முடிந்தது. ஜனங்கள் சிரித்தார்கள், பிறகு மூக்கை உறிஞ்சினார்கள். பக்கத்தில் இருந்த என் மனைவி, “வீட்டுல என்னைக்காச்சும் இம்புட்டுச் சத்தமாப் பேசியிருக்கீகளா?” என்று இடுப்பில் இடித்தாள்.

நேற்று அவர் போன் செய்தார். வேடத்துக்காகப் பழகிய எங்கள் ஊர்ப் பேச்சு அவரிடம் அப்படியே தங்கிவிட்டது.

“அண்ணே, அடுத்த படம் ஆரம்பிக்கிறேன். எனக்குக் கட் சொல்ல ஆள் வேணும். வாரீகளா?”

“மாவு கூடுதலா ஆட்டிக்கிட்டு வாரேண்ணே” என்றேன்.

ஆவணி ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.